40 வருடப் பழைய ஜி.ஐ. குழாய்: கசியும் இடத்தை மட்டும் மாற்றலாமா, மொத்தமாக மாற்றிவிடலாமா?

நங்கநல்லூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1984இல் கட்டிய வீடு, கீழே ஒரு போர்ஷன் மேலே ஒரு போர்ஷன், மொத்தம் மூன்று பாத்ரூம், இரண்டு சமையலறை. குழாய் முழுக்க அந்தக் காலத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), எல்லாம் சுவருக்குள்ளேயே போகிறது. போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் சம்பில் (தரையடித் தொட்டியில்) சேர்ந்து, மோட்டார் போட்டால் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறும்.

கொஞ்ச காலமாகவே காலையில் முதல் பக்கெட் செம்மண் நிறத்தில்தான் வருகிறது, அதைக் கொட்டிவிட்டுத்தான் குளிக்க வேண்டும். மேல் பாத்ரூம் ஷவரில் தண்ணீர் சொட்டுகிறதே தவிர விழுவதில்லை. இப்போது கீழ் பாத்ரூமுக்கு அந்தப் பக்கம் உள்ள படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உப்பி உரிகிறது, தடவினால் வெள்ளை உப்பு கையில் ஒட்டுகிறது. அந்த அறையில்தான் அம்மா படுக்கிறார், அவருக்கு ஏற்கெனவே வீசிங் தொந்தரவு உண்டு.

ஒரு பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் சுவரை உடைத்து இரண்டு அடி குழாயை மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர், இதில் கையே வைக்காதீர்கள், மொத்த லைனையும் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுங்கள் என்கிறார். அப்பாவுக்கு டைல்ஸை உடைக்கவும் மனமில்லை, வெளிச்சுவரில் குழாய் தெரியும்படி போகவும் பிடிக்கவில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள், தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். சி.பி.வி.சி. போடுவதா, இன்னொரு வகைப் பிளாஸ்டிக்கான பி.பி.ஆர். போடுவதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

பொருநைக்கரை

சுவரை உடைப்பதற்கு முன்னால் அது தண்ணீர்க் குழாய்க் கசிவுதானா என்று பார்த்துவிடுங்கள். ஓதம் என்றாலே குழாய் என்று நினைக்கிறோம், ஆனால் பாதி வீடுகளில் நானி டிராப் (பாத்ரூம் தரையில் கழிவுநீர் இறங்கும் இடம்) பக்கத்து விரிசலோ டைல்ஸ் இடுக்கோதான் காரணமாக இருக்கும்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் முதற்கொண்டு எதுவும் ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விடிகாலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் போய்ப் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இறங்கியிருந்தால் மாடியில் உள்ள கேட் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்த லைனை மூடினால் மட்டம் நிற்கிறது என்று பாருங்கள். ஆனால் அவ்வளவு பழைய கேட் வால்வு முழுசாக மூடாமல் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும், அதை நம்பி ஏமாந்துவிட வேண்டாம்.

மட்டம் இறங்கவே இல்லை, ஓதம் மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் கழிவுநீர்ப் பக்கம் சந்தேகப்படுங்கள். அந்த பாத்ரூமைக் கொஞ்ச நாள் புழங்காமல் விட்டால் சுவர் காய்கிறதா என்று தெரியும். மோட்டாரிலிருந்து மேலே ஏறும் குழாயும் அந்தச் சுவரில்தான் போகிறதா என்றும் பாருங்கள். அது மோட்டார் ஓடும்போது மட்டும் கசியும், ராத்திரிச் சோதனையில் மாட்டாது.

கொங்கு பிளம்பர்

தம்பி, நான் திருப்பூர்ப் பக்கம் இதே தொழில்தான், அப்பாவுக்குப் பிறகு நான் செய்கிறேன். நீங்கள் சொல்வதில் எனக்கு ஓதத்தை விடக் காலையில் வரும் செம்மண் தண்ணீரும் மேலே ஃபோர்ஸ் இல்லாததும்தான் முக்கியமாகத் தெரிகிறது. போரில் இரும்புச் சத்து இருந்தாலும் தண்ணீர் சிவக்கும், ஆனால் அது நாள் முழுக்க இருக்கும். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர் மட்டும் சிவப்பாக வந்து, அப்புறம் தெளிகிறது என்றால் அது குழாயின் துருதான். அந்த இரண்டு அடி மட்டும் துருப்பிடித்திருக்க வாய்ப்பே இல்லை, மொத்தக் குழாயும் அதே நிலைமையில்தான் இருக்கும்.

ஜி.ஐ. குழாய் என்பது இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு, அவ்வளவுதான். அந்தப் பூச்சு இருக்கிற வரை இரும்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மரை போடும்போது அந்த இடத்தில் பூச்சும் போய்விடும், இரும்பின் கனமும் குறைந்துவிடும். அதனால்தான் கசிவு எப்போதும் எல்போ, டீ, சாக்கெட் போன்ற இணைப்புகள் பக்கத்திலேயே ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீராக இருந்தால் உள்ளே துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து கட்டி கட்டியாகப் படியும். பழைய வீடுகளில் அரை இஞ்ச் குழாயை வெட்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம் இருக்கும், சுற்றிலும் பழுப்பும் கறுப்புமாகப் பொருக்கு, விரலால் நிமிண்டினால் உதிரும். அந்தப் பென்சில் ஓட்டை வழியாக வருவதுதான் உங்கள் ஷவர் தண்ணீர். அந்தப் பொருக்கை ஆசிட் ஊற்றிக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே சில இடங்களில் அந்தப் பொருக்குதான்.

இரண்டு அடி மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்றால், பழைய குழாயைக் கழற்ற பைப் ரெஞ்சைப் போட்டு இழுக்கும்போது அந்த முறுக்கு சுவருக்குள் இருக்கிற அடுத்த மரைக்குப் போகும். அது ஏற்கெனவே இத்துப்போய் இருக்கும். வேலை முடிந்து தண்ணீர் திறந்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்ச நாளில் நாலு அடி தள்ளி ஓதம் கிளம்பும். அந்த பிளம்பர் மேல் குறை சொல்லவில்லை, அவசரத்துக்கு அப்படிச் செய்யத்தான் வேண்டும். ஆனால் நாற்பது வருடக் குழாயில் அது நிரந்தர வைத்தியம் ஆகாது.

என் யோசனை இதுதான்: சுவருக்குள் இருக்கிற பழைய குழாயைத் தோண்டி எடுக்கவே வேண்டாம். அதை மாடியிலேயே துண்டித்து, இரண்டு முனையிலும் பிளக் அடித்து அப்படியே விட்டுவிடுங்கள். புது லைனை மொட்டை மாடியிலிருந்து வீட்டின் பின்சுவர் வழியாக வெளியே இறக்கி, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் நேராகச் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே குழாய் மாட்டும் பாயின்ட் இருக்கிற இடத்தில் மட்டும் ஒன்றிரண்டு டைல்ஸ் உடையும். நாளைக்கு எங்கே கசிந்தாலும் கண்ணில் படும், அரை மணி நேர வேலையில் முடிந்துவிடும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், முன்பக்கம் எதுவும் தெரியாது.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். தொட்டியிலிருந்து கிளம்புவது ஒன்றேகால் இஞ்ச், கீழே இறங்குவது ஒரு இஞ்ச் அல்லது முக்கால், குழாய் பாயின்ட்டுக்கு மட்டும் அரை இஞ்ச். மேல் மாடிக்குத் தனி இறக்கம், கீழ் வீட்டுக்குத் தனி இறக்கம் என்று பிரித்துவிட்டால் கீழே துணி துவைக்கும்போது மேலே ஷவர் நிற்காது. இருந்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் 1 பார் அழுத்தம். உங்கள் மேல் பாத்ரூமுக்கும் தொட்டிக்கும் பத்து அடிதான் வித்தியாசம் என்றால் 0.3 பார்தான் கிடைக்கும். துருக் குழாய் போனால் தண்ணீர் தாராளமாக வரும், ஆனால் ஓட்டல் ஷவர் மாதிரி அடிக்காது. அது வேண்டுமென்றால் தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் வைக்க வேண்டும்.

தொட்டியிலிருந்து வெளியே வந்ததும் ஒரு ஏர் பைப்பை தொட்டி உயரத்துக்கு மேலே ஏற்றி விடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் லைனில் காற்று அடைத்துக்கொண்டு, தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் குழாயில் வராது. ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனியாக ஒரு பால் வால்வு கட்டாயம் வையுங்கள்.

மலைக்கோட்டை

கொங்கு பிளம்பர் அண்ணன் சொன்னதை முழுக்க ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் இருக்கிறது. நான் சிவில் (கட்டுமானம்) பக்கம். வெளியே போகும் பிளாஸ்டிக் குழாய்க்குப் பெரிய எதிரி வெயில். சென்னை வெயிலில் சி.பி.வி.சி.யைச் சும்மா விட்டால் சில வருடங்களில் நிறம் மங்கி, தட்டினால் உடையும் பதத்துக்கு வந்துவிடும். அதே குழாய் சுவருக்குள் நன்றாகப் பூசி வைத்தால் பல காலம் இருக்கும். எப்படியும் பாத்ரூமைப் புதுப்பிக்கப் போகிறார்கள், டைல்ஸ் பழசாகிவிட்டது என்றால் நான் சுவருக்குள்தான் போடச் சொல்வேன்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. 1984 வீடு என்றால் பெரும்பாலும் தூண் இருக்காது, செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்கும். அந்தச் சுவரில் மேலிருந்து கீழாகக் காடி (குழாய் பதிக்கும் பள்ளம்) எடுத்தால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை போகலாம், படுக்கைவாட்டில் என்றால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது அங்குலச் சுவரில் அது ஒன்றரை அங்குலம்தான். நாலரை அங்குலச் சுவராக இருந்தால் படுக்கைவாட்டில் கையே வைக்காதீர்கள். உளியும் சுத்தியலும் வேண்டாம், கட்டிங் மெஷினில் இரண்டு பக்கமும் கோடு போட்டுவிட்டு நடுவில் எடுக்கச் சொல்லுங்கள். நாற்பது வருடச் சுவரில் சுத்தியல் அதிர்ச்சிக்கு அந்தப் பக்கப் பூச்சு பொத்துக்கொண்டு விழும். கட்டிங்கில் புழுதி கிளம்பும், அம்மாவை அந்த நாட்களில் வேறு எங்காவது தங்க வையுங்கள்.

சி.பி.வி.சி.யா பி.பி.ஆரா என்று கேட்டீர்கள். இரண்டும் நல்ல பொருள்தான். பி.பி.ஆரை 260 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டுவார்கள், ஜாயின்ட் என்று ஒன்று இல்லாமல் ஒரே குழாயாகிவிடும். ஆனால் அதற்கு மெஷினும் அதில் கைப்பழக்கம் உள்ள ஆளும் வேண்டும், நாளைக்குச் சின்ன ரிப்பேர் வந்தாலும் அதே ஆளைத்தான் தேட வேண்டும். சூட்டை அதிகம் வைத்து அழுத்திவிட்டால் உள்ளே உருகி வழிந்து ஓட்டை சுருங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. உங்கள் ஏரியாவில் எதில் பழகிய ஆள் கிடைக்கிறார் என்று பார்த்து அதைப் போடுங்கள். பச்சைத் தண்ணீருக்கு மட்டும் என்றால் யு.பி.வி.சி. (சாதாரண கெட்டி பிவிசி) போதும், வெந்நீர் லைனுக்கு அது ஆகாது. சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும். வாங்கும்போது குழாய் மேலேயே அச்சடித்திருக்கும், சி.பி.வி.சி.க்கு ஐ.எஸ். 15778, பி.பி.ஆருக்கு ஐ.எஸ். 15801. அது இல்லாத குழாயை விலை குறைவு என்று வாங்க வேண்டாம். பழைய சாம்பல் நிற பிவிசி குழாய் எங்காவது குடிநீர் லைனில் இருந்தால் அதையும் இத்தோடு எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பிவிசியில் ஈயம் சேர்ப்பது சாதாரணம், 2021இல்தான் ஒன்றிய அரசு அதற்கு விதி கொண்டுவந்தது.

கொங்கு பிளம்பர்

மலைக்கோட்டை சார் வெயிலைப் பற்றிச் சொன்னது சரிதான். வெளியே போனால் குழாய்க்கு வாட்டர் பேஸ் எமல்ஷன் இரண்டு கோட் அடித்துவிட வேண்டும், சுவர் நிறத்திலேயே அடித்தால் கண்ணையும் உறுத்தாது. எனாமல் பெயின்ட், தின்னர் எதுவும் சி.பி.வி.சி. மேல் படக் கூடாது, விரிசல் விட்டுவிடும். அதே காரணத்துக்காகத்தான் பழைய முறையில் சணலைச் சுற்றிப் பெயின்ட் தடவி மரை ஏற்றுவதும் இதில் வேண்டாம், டெஃப்ளான் டேப் போதும். ஆனாலும் பாத்ரூமை உடைக்கிற எண்ணம் இல்லாத வீட்டில் வெளியே போவதுதான் நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ரேவதி_மின்பணி

குழாய் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் எலக்ட்ரிகல் பக்கம் வேலை செய்கிறேன், யாரும் தொடாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

பழைய வீடுகள் பலவற்றில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில்தான் சுற்றி வைத்திருப்பார்கள். இரும்புக் குழாய் தரைக்குள் போகிறது, அதனால் அதுவே எர்த் என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள். நீங்கள் அந்தக் குழாயைத் துண்டித்துப் பிளாஸ்டிக் போட்ட நிமிஷமே அந்த எர்த் போய்விடும். லைட் எரியும், ஃபேன் ஓடும், எதுவும் மாறியதாகத் தெரியாது. என்றைக்காவது ஹீட்டர் காயிலில் பழுது வந்து அதன் உடம்பில் கரன்ட் ஏறினால் அது போவதற்கு வழி இருக்காது, தொட்டவர் மேல்தான் பாயும். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் எங்கே போகிறது என்று டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். மீட்டர் போர்டு பக்கம், கிணற்றடி, மோட்டார் பக்கம் எங்காவது குழாயில் கம்பி சுற்றியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இருந்தால் தனியாக எர்த் குழி தோண்டி, அதற்கு மாற்றிய பிறகுதான் குழாயில் கை வைக்க வேண்டும். அதோடு, கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீடு, இதில் காசு பார்க்காதீர்கள்.

நங்கநல்லூர்க்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரேவதி மேடம், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு உடனே போய்ப் பார்த்தேன். மீட்டர் போர்டிலிருந்து ஒரு மொட்டைச் செம்புக் கம்பி இறங்கி, சம்ப் பக்கத்துக் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியிருக்கிறது, கம்பி பச்சையாகவே மாறிவிட்டது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன், எர்த் வேலை முடியாமல் பிளம்பரை உள்ளே விடப் போவதில்லை.

பொருநைக்கரை சொன்னபடி தொட்டியில் கோடு போட்டுப் பார்த்ததில் மட்டம் இறங்குகிறது, கீழ் பாத்ரூம் லைனை மூடினால் நிற்கிறது. பின்சுவர் வழியாக வெளியே இறக்க அப்பாவும் சம்மதித்துவிட்டார், சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடிப்போம் என்றதும்தான் இறங்கி வந்தார். வேலையின்போது வீட்டிலேயே இருந்து சமாளிக்க முடியுமா? கீசர் லைனுக்கு என்ன கவனிக்க வேண்டும்? கூலி எப்படிப் பேசுவது?

வைகைக்கரை அக்கா

தம்பி, எங்கள் மதுரை வீட்டில் மாமனார் மாமியாரை வைத்துக்கொண்டே செய்தோம், தாராளமாக முடியும். வெளி லைனில் இருக்கிற வசதியே அதுதான், பழைய லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுசை முழுக்க இறக்கி முடித்துவிடலாம். கடைசியில் ஒவ்வொரு பாத்ரூமாக மாற்றிக்கொடுத்தால் போதும். முதலில் கீழ் பாத்ரூமை முடியுங்கள், கசிவு உடனே நிற்கும். கடைசி பாயின்ட் மாறிய பிறகு பழைய லைனை மாடியில் துண்டித்துவிடுங்கள். மெட்ரோ தண்ணீர் நேராகச் சமையலறைக்கு வருகிற மாதிரி ஏதாவது பழைய கிளை இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள், அந்தக் காலத்து வீடுகளில் அது சுவருக்குள் மறந்து கிடக்கும்.

கூலியை நாங்கள் பாயின்ட் கணக்கில் பேசினோம், பொருளை நாங்களே கூடப் போய் வாங்கினோம். கொத்தனார் வேலை, டைல்ஸ் ஒட்டுவது, உடைத்த குப்பையை அள்ளிக் கொட்டுவது இதெல்லாம் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள், சண்டை வருவது எப்போதும் அங்கேதான். ஓட்டை போடும் முன் எந்தப் பாயின்ட் எந்த உயரம் என்று சுவரில் சாக்பீஸால் குறித்து, வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பக்கெட் வைக்க உயரம் பத்தாத குழாயோடு காலம் தள்ள வேண்டியது அவர்கள்தான்.

கொங்கு பிளம்பர்

கீசருக்கு: அதன் வாயில் நேராகப் பிளாஸ்டிக் மரையை ஏற்றக் கூடாது. மெட்டல் கனெக்ஷன் பைப் போட்டு, சுவரில் பித்தளை மரை உள்ள எல்போவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எல்லாக் குழாய்ப் பாயின்ட்டிலும் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்தான், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வெந்நீர் லைன் சூட்டில் நீளும், 3 மீட்டர்க் குழாய் 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அதனால் கிளாம்பை மூன்று அடிக்கு ஒன்று அடித்தாலும் குழாயை இறுக்கிப் பிடிக்காமல் நகர விட வேண்டும்.

ஒட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், தப்பில்லை. குழாயை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, துணியால் துடைத்து, குழாயிலும் ஃபிட்டிங் உள்ளேயும் சால்வென்ட் தடவி, உள்ளே தள்ளிக் கால் திருகு திருகி அரை நிமிஷம் பிடிக்க வேண்டும். சுற்றிலும் மெல்லிய வளையமாகச் சால்வென்ட் பிதுங்கி நின்றால் ஒட்டு சரி. டப்பாவில் சி.பி.வி.சி. என்று போட்டிருக்க வேண்டும், யு.பி.வி.சி. சால்வென்ட்டை இதற்குத் தடவுகிற ஆட்கள் உண்டு. ஒட்டி முடித்து ஒரு நாள் காயவிட்டு, எல்லா பாயின்ட்டுக்கும் பிளக் அடித்து, கைப்பம்பில் 10 கிலோ பிரஷர் ஏற்றி ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் உடைத்த இடத்தைப் பூச வேண்டும். கைப்பம்ப் இல்லை என்று சொல்கிறவரிடம், வாடகைக்காவது எடுத்து வரச் சொல்லுங்கள்.

புது லைன் திறப்பதற்கு முன் மாடித் தொட்டியைக் கழுவிவிடுங்கள், நாற்பது வருட வண்டல் அடியில் கிடக்கும். முதல் தடவை தண்ணீர் விடும்போது ஷவர், குழாய் முனைச் சல்லடை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் ஓட விடுங்கள், வெட்டிய தூளும் சால்வென்ட் பிசிறும் வந்துவிடும். படுக்கையறைச் சுவரை உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். உப்பிய பூச்சைச் சுரண்டி எடுத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி பார்க்கலாம்.